வெள்ளை பூத்த கண்ணாடி

சுமிரே அந்தப் பெட்டியைத் திறந்திருக்கவே கூடாது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் திறந்தாள்.

உள்ளே அவளுடைய அண்ணன் ரெய்ஜி செய்த போர் விமானம் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்தால் அதில் அடங்கிவிடும். கடலின் நீலம் அதற்கு. குளிர்காலத்தில் தொடங்கியவன், மழைக்காலம் வந்த பிறகும் அதே மேஜையில்தான் குனிந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஊர் மன்றத்தில் கண்காட்சி. ஜப்பானின் ஷிசுவோகாவில் பிளாஸ்டிக் விமானம் செய்கிறவர்களுக்கா பஞ்சம்? அங்கே ஓர் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரெய்ஜிக்கு இந்த வருடம்தான் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை, மேஜைப்பந்துப் போட்டிக்காகப் பள்ளி அணியோடு கிளம்பும்போது அவன் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"விமானியோட கண்ணாடி மூடி மட்டும்தான் பாக்கி. நாளைக்குச் சாயங்காலம் வந்து ஒட்டிக்கிறேன். நீ தொடாதே."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"நீ தொடுவே."

அவன் வண்டி ஏறியதுதான் தாமதம், சுமிரே அவனுடைய அறைக்குள் நின்றாள். அவளுக்கு விமானியைப் பார்க்க வேண்டும். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஆள், வெள்ளைத் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லையே என்று விமானத்தைத் தூக்கிச் சாய்த்தாள்.

விமானி பொத்தென்று மேஜையில் விழுந்தார்.

சுமிரே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லவேளை, ஒன்றும் உடையவில்லை. சமையலறை இழுப்பறையில் அம்மா செருப்பு ஒட்டுகிற சூப்பர் க்ளூ இருந்தது. சட்டென்று ஒட்டும், ஜென்மத்துக்கும் விடாது. இருக்கையில் ஒரு சொட்டு விட்டாள். போதாதோ என்று இன்னொரு சொட்டும் விட்டாள். விமானியை உட்கார வைத்து, தூசி விழக்கூடாதே என்று கண்ணாடி மூடியை மேலே பொருத்தி, பெட்டியையும் இறுக மூடினாள். எவ்வளவு பொறுப்பான வேலை என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் காலை திறந்து பார்த்தபோது கண்ணாடி மூடி வெள்ளையாக இருந்தது. பாத்திரத்தில் பால் காய்ந்து படிந்த மாதிரி. உள்ளே விமானி இருந்த இடமே தெரியவில்லை.

மூடியைக் கழற்றிச் சட்டையின் நுனியால் துடைத்தாள். போகவில்லை. ஊதிப் பார்த்தாள், தண்ணீரில் கழுவினாள். ஈரமாக இருக்கும்போது தெளிந்தது. காய்ந்ததும் மறுபடி வெள்ளை.

அம்மா துவைத்த துணிகளோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னடி, காலையிலேயே இங்க? ஐயோ, கண்ணாடி மங்கிப் போச்சா? பாவம் ரெய்ஜி. இந்த மழைக்கால ஈரம் எதைத்தான் விட்டுவெச்சுது. என் கைப்பைகூடப் பூஞ்சை பூத்துப் போச்சு."

அம்மா போய்விட்டாள்.

ஈரம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ரெய்ஜியும் மழையைத்தான் திட்டுவான். ஆனால் நாளைக்குக் கண்காட்சியில் அந்த வெள்ளைக் கண்ணாடியோடு அவன் நிற்பானே என்று நினைத்ததும் சுமிரேவுக்கு அழுகை வந்தது. ஒருவேளை நிற்கவே மாட்டான். விமானத்தைப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல் வைத்துவிடுவான். அவன் அப்படித்தான்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. மழை வந்து இரண்டு வாரமாகிறது. நேற்றுவரை பளிச்சென்று இருந்த கண்ணாடி, அவள் பசை போட்ட மறுநாள் மட்டும் ஏன் மங்க வேண்டும்?

மிச்சத் துண்டுகள் இருந்த உறையைத் துழாவினாள். அதில் நீளமான இன்னொரு கண்ணாடி மூடி இருந்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம் செய்கிறவர்களுக்காக வைத்தது. ரெய்ஜிக்கு அது வேண்டாதது. சுமிரே ஒரு பழைய தட்டில் சூப்பர் க்ளூ விட்டு, அதன்மேல் அந்த மூடியைக் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடிவைத்தாள்.

மதியம் நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

கிண்ணத்தைத் தூக்கினால், அந்த மூடியும் வெள்ளை. ஆக, பசையின் ஆவிதான். ஈரம் இல்லை. சுமிரேதான்.

பழி தன் தலையில் விழுந்ததில் ஒரு லாபம் இருந்தது. கெடுத்துப் பார்க்க இப்போது கையில் ஒரு வேண்டாத மூடி இருக்கிறது. அதை மனசுக்குள் மூன்று பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கில் சோப்பு. ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததில் பாத்திரம் தேய்க்கும் நார். கீறல் கீறலாக விழுந்தது. நல்ல மூடியில் இதைச் செய்திருந்தால்?

கடைசிப் பங்குக்குப் பஞ்சுக்குச்சியில் பற்பசை தொட்டுத் தேய்த்தாள். குழாயை அம்மா அப்படித்தான் பளபளப்பாக்குவாள். தேய்த்துக் கழுவியதும், அந்த இடத்தின் வழியே மட்டும் அடியிலிருந்த அவளுடைய விரல் ரேகை தெரிந்தது.

அப்புறம் பயந்து பயந்து நல்ல மூடியைக் கையில் எடுத்தாள். அழுத்தினால் உடையும். விட்டால் மங்கல் போகாது. மெல்ல வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். வெளியே மழை விட்டது, மறுபடி பிடித்தது. வாசலில் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். குப்பைக்கூடையில் பஞ்சுக்குச்சிகள் குவிந்தன. கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஆனால் ஓரத்தில் ரெய்ஜி போட்டிருந்த மெல்லிய நீலக்கோடும் ஓரிடத்தில் சேர்ந்து தேய்ந்துபோனது.

கதவு திறந்தது.

"வந்துட்டேன்," என்றது ரெய்ஜியின் குரல். "ரெண்டாவது சுத்துலயே தோத்துட்டோம். யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

அவன் காலணியைக் கழற்றுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ரெய்ஜி, உன் விமானத்துல ஈரம் பிடிச்சு..."

"ஈரம் இல்லம்மா," என்றாள் சுமிரே. குரல் கீச்சென்று வந்தது. "நான்தான். அண்ணா, நான் திறந்தேன். விமானி விழுந்துட்டாரு. சூப்பர் க்ளூ போட்டேன். கண்ணாடி வெள்ளையாயிடுச்சு. அழிச்சுட்டேன், ஆனா உன் கோடும் அழிஞ்சுபோச்சு."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெய்ஜி நேரே அறைக்குப் போனான். மூடியை விளக்குக்கு நேரே பிடித்தான். அந்தப் பக்கம் திருப்பினான், இந்தப் பக்கம் திருப்பினான். சுமிரேவுக்கு அந்த நேரம் நகரவே இல்லை. தட்டில் கிடந்த கீறல் விழுந்த மூடியை எடுத்தான்.

"இது என்ன?"

"முதல்ல அதுலதான் செஞ்சு பாத்தேன். நல்லதுல நேரா தேய்க்கப் பயமா இருந்துச்சு."

அவன் நல்ல மூடியை மூக்கருகே கொண்டுபோனான்.

"புதினா வாசனை வருது."

"டூத்பேஸ்ட்."

"நாளைக்கு மன்றத்துல இவர் ஒருத்தர்தான் பல் தேய்ச்சுட்டு வந்த விமானி." சிரித்தானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த நொடி முகம் இறுகியது. "இருந்தாலும் எனக்குக் கோபம்தான். தொடாதேன்னு சொன்னேன்ல?"

"ம்."

"ஈரம்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்," என்றாள் சுமிரே.

ரெய்ஜி நீல வண்ணப் புட்டியைத் திறந்தான். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து நுனியை நனைத்தான். யாரையும் தொடவிடாத தூரிகை அது. அதை அவள் பக்கம் நீட்டினான்.

"அழிச்சது நீதானே. நீயே போடு."

"கை நடுங்குதே."

"எனக்கும்தான் நடுங்கும். மூச்சைப் பிடிச்சுக்கோ."

சுமிரே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ரெய்ஜியும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கோடு முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் விடவில்லை.