தொண்டையில் ஒரு வெளிச்சம்

"கண்ணாடியைத் தொடாதீங்க!"

"நீங்க தொடாதீங்க முதல்ல!"

தருமபுரியில் புறப்பட்ட சேலம் பஸ் தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை... சாரலா தூறலா என்று பிரித்துச் சொல்ல முடியாத மழை. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் சேர்த்து ஒரே தள்ளுக் கண்ணாடி. எழிலரசி இழுத்து மூடினால் முன்னால் இருப்பவனுக்குத் திறந்துகொள்ளும். அவன் இழுத்தால் இவள் முகமெல்லாம் மழை.

"நாலு சொட்டுத் தண்ணிக்கு ஒரு ஆம்பளை இப்படிப் பயப்படுவாங்களா?"

"நீங்க மட்டும் என்னாங்க, உப்புலயா செஞ்சி வெச்சிருக்கு? நனைஞ்சா கரைஞ்சிடுவீங்களா?"

சொல்லிக்கொண்டே திரும்பினான். பெரிய கண்கள்... கோபத்திலும் சிரிக்கிற கண்கள். அவற்றின் மேலே இப்போதுதான் அரும்புகிற மாதிரி மங்கலாகப் புருவம். இந்தப் புருவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே... எங்கே? அட, தினமும் காலையில் மை தீட்டுவதற்கு முன்னால், தன் முகத்தில்தான்!

"ஏய், வாயை மூடுடி!" பக்கத்தில் இருந்த அம்மா காசியம்மாள் தொடையில் கிள்ளினாள். "வழியில போறவன்கிட்ட என்னா வாயாடறே? இந்தா, சால்வையைப் போத்திக்க. குளிரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க இல்ல?"

கடைசியில் கண்ணாடி பாதியில் நின்றது. இரண்டு பேரும் பாதிப் பாதி நனைந்தார்கள்.

சேலத்தில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கை நரம்பில் ஊசி ஏறியது.

"இது சர்க்கரை மாதிரி ஒரு மருந்துங்க" என்றாள் நர்ஸ். "உடம்புல எது ரொம்ப வேலை செய்யுதோ அது இதைத் தின்னும். புத்துக் கட்டி இருந்தா அதிகமாத் தின்னும், ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும். ஒரு மணி நேரம் ஆடாம அசையாம சாஞ்சிருங்க. பேசக்கூடாது."

ஊசியில் கதிர்வீச்சு இருப்பதால் துணைக்கு ஆள் கிடையாது. காசியம்மாள் வெளியே. கதவு சாத்தியது. பக்கத்தில் இடுப்பளவுத் தடுப்பு... அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி. அதிலிருந்து ஒரு பெருமூச்சு.

எழிலரசிக்குச் சந்தேகம். மெல்லக் கேட்டாள். "கண்ணாடிக்காரர்தானே?"

"அய்யோ... இங்கயும் நீங்களா?"

"அதுக்குத்தான் அந்தச் சண்டையா? குளிரக்கூடாதுன்னு உங்களுக்கும் சொன்னாங்களா?"

"வாயைத் தொறந்து சொல்லியிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே!"

"நீங்க சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கமும்.

"பேரு மதியழகனுங்க. ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறேன். நெணநீர்க் கட்டி... அக்குள்ல. மருந்தெல்லாம் ஏத்தி முடிச்சாச்சு, போயிடுச்சான்னு பார்க்க வந்தேன்."

"எனக்குக் கழுத்துல. அதே கட்டி. பாலக்கோடு தக்காளி மண்டியில வேலை. எழிலரசி."

"அட, சொந்தக்காரங்களா ஆயிட்டோம்!"

"ஸ்... பேசக்கூடாதுன்னாங்க."

"நான் பேசலீங்க. நீங்கதான் பேசறீங்க."

இந்த ஊசி எதைக் காட்டிக்கொடுக்கப் போகிறதோ என்று ஒவ்வொரு நிமிடமும் கேட்கிற நேரம். அந்தப் பயத்தை ஓட்ட அவளுக்குப் பேச்சைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவனுக்கும்தான்.

"இந்த விக்கு தலையைக் கொல்லுது. கழட்டப் போறேன். பார்த்துச் சிரிச்சீங்க... அவ்ளோதான்!"

கழற்றினாள். அடியில் புதிதாக முளைக்கிற குட்டை முடி. தடுப்புக்கு மேலே அவன் தலை எழுந்தது. அந்தக் கண்கள் சிரிக்கவில்லை.

"என்னா பாக்கறீங்க?"

"மழை பேஞ்ச மறுவாரம் எங்கூர்ப் பாறைக் கரட்டுல இப்பிடித்தான் பச்சை புடிக்கும்... அழகா இருக்குங்க. இதைப் போயி மூடி வெக்கறீங்களே."

அவள் கன்னம் சுட்டது. பேச்சை மாற்றினாள். "எங்கம்மா ஊரெல்லாம் மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கு. கிருஷ்ணகிரியிலேர்ந்து பொண்ணு பார்க்க வேற வர்றாங்க."

"மாப்பிள்ளைக்கும் மஞ்சக்காமாலைங்களா?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை...

வெளியே வந்ததும் காசியம்மாள் கேட்டாள். "உள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரோ... தூங்கிட்டு இருந்தாங்க."

அவன் பின்னாலேயே வந்தான். அம்மா பார்த்துவிட்டாள். "பஸ்ல சண்டை போட்டவன்! அவனுக்கும் இதேவா? பாவம், அவனையெல்லாம் எவ கட்டுவா?"

"என்னை எவன் கட்டுவான்ம்மா?"

"உன்னைப் பத்தித் தெரியாதவன்."

அந்தப் பதில் ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

வியாழக்கிழமை. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் டாக்டரம்மா வருகிற ஒரே நாள். கூட்டம். வராந்தா பெஞ்சின் கடைசியில் மதியழகன்... மடியில் ஸ்கேன் கவர். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பார்வை, ஒரு பாதிச் சிரிப்பு. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

"கழுத்துல இருந்தது சுத்தமாப் போயிடுச்சு" என்றாள் டாக்டரம்மா. காசியம்மாள் கைகூப்பினாள். "இருங்க, முடிக்கலை. குரல்வளைகிட்ட ஒரு வெளிச்சம் தெரியுது. எழில், ஊசி போட்டப்புறம் பேசினியா?"

"பேசலீங்க!" அம்மா முந்திக்கொண்டாள். "தனியாப் படுத்திருந்தா. எம்பொண்ணு எதுக்குப் பேசறா?"

"பேசியிருந்தா குரல்வளைத் தசை வேலை செஞ்சிருக்கும், அது சர்க்கரையை இழுத்திருக்கும். பயமில்லை. பேசலைன்னா யோசிக்கணும். சதை எடுத்துப் பார்க்கணும். திரும்ப மருந்து ஏத்த வேண்டி வந்தாலும் வரும்."

அறை குளிர்ந்தது. உண்மையைச் சொன்னால் அம்மாவின் மானம் போகும்; யாரோ ஒருவனோடு பேசிச் சிரித்தாள் என்று வெளியே தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்கள் வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் கத்தி. எத்தனை நாளாக இந்த உடம்பு ஒரு பொய்க்குள்ளே இருக்கிறது... மஞ்சள்காமாலை என்று, விக் என்று. இனி இதுவுமா?

"பேசினேன் டாக்டர்."

"கொஞ்சமா?"

"மணி நேரம் பூரா. சிரிக்கவும் சிரிச்சேன்."

"தனியாவா?"

"இல்லீங்க. பக்கத்துல ஒருத்தர் இருந்தார்." எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள். "மதியழகன்! உள்ள வாங்க. நாம பேசினதுக்குச் சாட்சி வேணுமாம்!"

காசியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் தயங்கித் தயங்கி வந்து கவரை நீட்டினான். டாக்டரம்மா படத்தைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கினாள். "இவர் தொண்டையும் அதே மாதிரிதான் இருக்கு. என்னாதான் பேசினீங்க ரெண்டு பேரும்!"

பிறகு அவள் விரல் கீழே நகர்ந்து... நின்றது.

"இவங்களை வெளிய இருக்கச் சொல்லட்டுமா?"

"பரவால்லைங்க, சொல்லுங்க."

"அக்குள்ல ஒரு சின்னப் புள்ளி மதியழகன். நோய்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம். எழில், நீ பக்கத்து ரூமுக்குப் போ. தொண்டை டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும், எனக்கு நிம்மதி."

மூக்கு வழியே மெல்லிய குழாய். கண்ணில் நீர். "ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு" என்று குரல் கேட்டதும் அவள் முதலில் வராந்தாவைத்தான் பார்த்தாள்.

பெஞ்ச் காலி.

"போயிட்டான்" என்றாள் அம்மா. "கேட்டே இல்ல? அவனுக்கு இன்னும் தீரலை. புத்தியுள்ள பையன், ஒதுங்கிட்டான். நீயும்..."

எழிலரசி ஓடினாள். மழை பிடித்திருந்தது. விக் நனைந்து நெற்றியில் சரிந்தது... பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அவன் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லாமப் போற பழக்கம் எப்பலேர்ந்து?"

நின்றான். திரும்பவில்லை. "உங்களுக்குச் சுத்தம்னு சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"அது போதும். கிருஷ்ணகிரிக்காரங்களைக் கட்டிக்கிட்டு நல்லா இருங்க. எனக்கு என்னா ஆவும்னு எனக்கே தெரியாது. ஒரு புள்ளியைக் கூட்டிக்கிட்டு வந்து உங்க வூட்டு வாசல்ல நிக்க எனக்கு இஷ்டமில்லை."

"ஓஹோ... ரோஷமா?" அவன் முன்னால் போய் நின்றாள். "எனக்கு அந்தப் புள்ளி இருந்திருந்தா நீங்க என்னை விட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

அவன் கண்கள் நிறைந்தன. மழையா... அதுவா?

"சொல்லுங்க, போயிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப நான் மட்டும் எதுல மட்டம்?"

மூச்சு வாங்க வந்து சேர்ந்த காசியம்மாள் கத்தினாள். "நடுரோட்ல என்னாடி இது! விக்கைப் போடு, நாலு பேரு பாக்கறாங்க!"

"பாக்கட்டும்மா. எனக்கு வந்தது கேன்சர். மஞ்சக்காமாலை இல்லை. நான் யாருகிட்டயும் திருடலை, மூடி மறைக்க. ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு போனைப் போட்டுச் சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"இவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன். என்னை நீ கூட்டிக்கிட்டுப் போனே இல்ல?"

மகளின் தலையில் மழை வழிந்துகொண்டிருந்தது. காசியம்மாள் தன் முந்தானையை எடுத்து அந்தக் குட்டை முடியின் மேல் பிடித்தாள். அப்புறம் அவனைப் பார்த்து, "தம்பி, நீயும்தான் நனையறே. உள்ள வா" என்றாள், கோபம் குறையாத குரலில்.

மூன்று பேருக்கு அந்த முந்தானை போதவில்லை.

"எனக்கு நெஜமாவே பயமா இருக்குங்க" என்றான் மதியழகன்.

"எனக்கும்தான். பயந்துக்கிட்டே கட்டிக்கலாம்."

அவன் நிமிர்ந்தான். "ஆத்துல வெள்ளம் ஏறி வர்றப்பகூட நெஞ்சு இப்பிடி அடிச்சதில்லை. உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, எழில். எத்தனை நாளு இருந்தாலும்... அத்தனை நாளும் உங்ககூட இருக்கணும்."