தக்காளி சாஸ் சாட்சி

போன் அலறியது.

மாரிவிக் எடுத்தாள்.

"நீயும் அந்தக் கிரெய்கும் போடுற நாடகம் எனக்குத் தெரியும்..." கரகரத்தது ஓர் ஆண்குரல். "உங்க வீட்டுச் சத்தமெல்லாம் பதிவு பண்ணிருக்கேன். மாதிரிக்கு ஒண்ணு அனுப்பறேன். மிச்சம் விசா ஆபீசுக்கு."

கட்!

மாரிவிக் பிலிப்பைன்ஸிலிருந்து மெல்பர்ன் வந்து, உள்ளூர்க்காரன் கிரெய்கோடு குடித்தனம் நடத்துகிறவள். துணைவர் விசா கிடைத்தால் இங்கே. இல்லாவிட்டால் விமானம்!

சேர்ந்து வாழ்வதற்கு அத்தாட்சி? வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவன் பெயரில். போட்டோ என்றால் ப்ளம்பர் கிரெய்க் காத தூரம் ஓடுவான்.

வக்கீல் வைக்கலாம் என்று அவள் கெஞ்சாத நாளில்லை. எனக்கு எழுதத் தெரியாதா என்று அவன் முறுக்கிக்கொள்ளாத நாளும் இல்லை.

இன்று விஷயத்தைக் கேட்டதும் முறுக்கு தளர்ந்தது.

"முதல் தடவை காசு வாங்காத வக்கீலாப் பாரு."

"பயத்துலயும் பேரமா?"

வக்கீல் பாப்பாஸ் அம்மாள், கல்யாணமாகி முப்பது வருஷம் தாக்குப்பிடித்தவள். மாதிரிக்கு வந்திருந்த பதிவை ஓடவிட்டாள்.

"எங்க ஊர் அடோபோ கறி மேல தக்காளி சாஸ் ஊத்துறியே, நீ மனுஷனா? எவ்வளவு நேரம் வேகவெச்சேன் தெரியுமா?"

"எங்கம்மா சமையலுக்கே ஊத்துனவன் நான்."

"அதான் உங்கம்மா இந்தப் பக்கமே வர்றதில்ல."

பதிவின் பின்னணியில் திடீரென்று இன்னொரு குரல்... அச்சு அசல் மாரிவிக்!

"சாஸைக் கீழ வை... சாஸைக் கீழ வை..."

மாரிவிக் துள்ளி எழுந்தாள். "பக்கத்து வீட்டு நார்மோட காக்கட்டூ கிளி!"

வக்கீல் உடனே நார்முக்குப் போன் போட்டாள். கிழவர் மறுக்கவில்லை.

"கேட்டீங்கல்ல? புருஷன் பொண்டாட்டி இப்படியா கத்துவாங்க? சுத்தப் போலிக் குடித்தனம்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கா சார்?"

"இல்ல."

"அதான். எல்லாப் பதிவையும் அனுப்புங்க. கீழ உங்க பேரும் இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள்.

"நடிக்கிற ஜோடி சாஸுக்கா அடிச்சுக்கும்? கிளி மனப்பாடம் பண்ற அளவுக்கு? இதைவிட சாட்சி கிடையாது. விண்ணப்பத்தை நீங்களே போடுங்க, வக்கீல் வேண்டாம்."

கிரெய்க் முகத்தில் ஆயிரம் வாட்ஸ்! மாரிவிக் கண்ணில் தண்ணீர். அவன் கையை இறுகப் பற்றி, தோளில் சாய்ந்தாள்.

பாப்பாஸ் அம்மாள் பதறினாள்.

"ஏங்க... விசா வர்ற வரைக்கும் ராசியாகித் தொலைக்காதீங்க!"