யாழிசையின் இறக்குச் சீர்

மதுரை வில்லாபுரத்துக் கல்யாண மண்டபத்தின் வாசலில் தாய்மாமன் சீர் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பழத் தட்டு, பட்டுத் தட்டு, பலகாரத் தட்டு என்று ஒவ்வொன்றையும் ஒரு ட்ரோன், ஊர்வழக்கில் சொன்னால் வான்வண்டு, தூக்கி வந்தது. பின்னால் மாமன் சௌந்தரபாண்டி நாயனத்தோடு நடந்து வந்தார். அக்கா மகள் யாழிசை பெரிய மனுஷி ஆனபோது வைத்ததைவிட ஒரு தட்டாவது கூட இருக்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

இது இறக்குச் சீர். மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரவழைக்கும் மரபணு உள்ள பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதில் சினைப்பையை எடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். சினைப்பைக்கும் காவல், மார்புக்கும் காவல்; ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நம்பினார்கள். அழுதுகொண்டு அனுப்புவானேன் என்று ஜனங்கள் அதையும் விழாவாக்கிவிட்டார்கள். நம்மவர்களுக்குப் பந்தி போட ஒரு சாக்கு போதாதா!

மேடையில் உட்கார்ந்திருந்த யாழிசைக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மாநிலக் கபடி அணியின் தலைவி அவள். நாளைக்கு ஆபரேஷன். அடுத்த மாத இறுதிப் போட்டி போயே போச்சு. அதற்கப்புறம், சினைப்பை இல்லாவிட்டால் எலும்பு தேய்ந்துவிடும் என்று களத்துப் பக்கமே விட மாட்டார்கள்.

அப்போது டாக்டர் ரெஹானாவின் ஒளியுரு மேடையில் தோன்றியது.

“மரபணுக் கணிப்பான் முடிவு இப்பத்தான் வந்துச்சு, யாழிசை. உங்க வகைக்குச் சினைப்பைய எடுக்கறதால மார்புக்குப் பெருசா காவல் இல்ல. சினைப்பைக்கு இன்னும் சில வருஷம் பொறுக்கலாம். அதோடயே சட்டத்துல விலக்கும் வந்தாச்சு. வேணுமா, வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்.”

“ஆபத்து போயிருச்சா?”

“போகல. விடாம ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“அது பாட்டுக்கு இருக்கட்டும் டாக்டர். நான் பாட்டுக்கு ஆடுறேன்!” யாழிசை பட்டுச் சேலையோடு குதித்தாள்.

“அப்ப சீரு?” என்று திகைத்த மாமன், மறுகணமே மீசையைத் தடவினார். “கொண்டாந்த சீரத் திருப்பிக் கொண்டுபோற பழக்கம் நம்ம வம்சத்துலயே இல்ல. எலையப் போடுங்கப்பா!”

மண்டபமே சிரித்தது. யாழிசையின் அம்மா அங்கயற்கண்ணி மட்டும் ஒளியுருவை நெருங்கினாள்.

“அப்ப எனக்குச் சும்மாவா டாக்டர் எடுத்தாங்க?”

சிரிப்பு அடங்கியது.

“சும்மா இல்லம்மா. சினைப்பைக்கு அது காவல்தான். மார்புக்குத்தான் நாங்க நெனச்ச அளவு இல்ல. அப்ப எங்களுக்குத் தெரியல.”

அங்கயற்கண்ணியும் இதே அணியில் ஆடியவள், முப்பத்தைந்தில் நிறுத்தப்பட்டவள். அவளுக்குக் கண் கலங்கியது. மகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கால் பெருவிரலால் மேடையின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

“எத்தன வருஷமாச்சு நான் ஆடி! வாடி, மூச்சு விடாமக் கபடி பாடிக்கிட்டு வா பாப்போம்.”