வேறு வைத்த அடுப்பு

"எங்க ஆத்தா கையால சாப்பிட்ட வரைக்கும் தம்பி நல்லாத்தான இருந்தான்? உன் அடுப்புக்கு வந்தப்பறம்தான இந்தக் கூத்தெல்லாம்..."

காலை ஆறரை மணிக்கே நாத்தனார் சிந்து ஆரம்பித்துவிட்டாள். நீலாயதாட்சி காபி ஆற்றினாள். முந்தின நாள் மத்தியானம், பெரியப்பா வீட்டு எண்பதாம் கல்யாணப் பந்தியில், அவள் கணவன் ஏகப்பன் குடித்துவிட்டு அத்தனை உறவுக்கும் முன்னால் விழுந்தான். புருவத்தில் நாலு தையல். விழுந்தவனை விட்டுவிட்டு எல்லோரும் அவன் பெண்டாட்டியை முறைத்தார்கள்.

மகனுக்குக் கல்யாணமானால் ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு போட்டு வேறு வைப்பது செட்டியார் வீடுகளில் வழக்கம். நீலாவை மாமியார் லட்சுமி ஆச்சி மூன்றாம் மாதமே வேறு வைத்தார். நம்மேல் எத்தனை நம்பிக்கை என்று அந்த அசடு பூரித்துப்போனாள்! ஏகப்பனின் குடி வெளியே தெரிந்ததும் பழி நேரே அந்த அடுப்புக்கு வந்தது. பதினாலு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

"விடு சிந்து" என்றபடி லட்சுமி ஆச்சி பையை எடுத்தார். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் காளையார்கோவில் போகிறவர்.

"எனக்காகவும் வேண்டிக்கங்க அயித்தை" என்றாள் நீலா. ஆச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை.

தையல் போட்ட டாக்டர் ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார். குடியை விட நினைக்கிறவர்கள் வாராவாரம் கூடுகிறார்களாம்; குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டமும் உண்டாம். ஏகப்பனிடம் சீட்டை நீட்டினாள்.

"நான் என்ன குடிகாரனா? நேத்து பித்தம், கிறுகிறுன்னு வந்துருச்சு" என்று அவன் புரண்டு படுத்தான்.

அந்த நம்பருக்குப் பேசினாள். எடுத்தது ராக்காயி என்ற பெண். "அவுக வரும்போது வரட்டும்மா. நீங்க இன்னைக்கே வாங்க. மானகிரி டியூஷன் சென்டரு, பதினோரு மணி."

பஸ் தாமதம். நீலா போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் அவளுக்கு இடம் காட்டிய ராக்காயி, "பேச இஷ்டமில்லைன்னா பேச வேண்டாம். இங்க கேட்டதை மட்டும் வெளிய சொல்லக் கூடாது" என்று காதோடு சொன்னாள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"என் பேரு லட்சுமி."

நீலா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். பதினாலு வருஷம் கேட்ட குரல்! காளையார்கோவிலுக்கென்று பை எடுத்துப் போனவரின் குரல்!

"எம் மகன் காலேசுலயே குடிச்சான். கோயமுத்தூர் ஆசுபத்திரியில ரெண்டு மாசம் வச்சிருந்தோம். சிங்கப்பூர்ல வேலை பழகுறான்னு சொந்தத்துல சொல்லி, அதை மறைச்சுத்தான் பொண்ணு எடுத்தேன். கட்டி வச்சா திருந்துவான்னு நெனச்சேன். மூணாம் மாசம் திரும்பக் குடிச்சான். அன்னைக்கே வேறு வச்சேன். ஏன் தெரியுமா... எங்கிட்ட சாப்பிட்டுக் கெட்டா எம்மேல பழி. அவகிட்ட சாப்பிட்டுக் கெட்டா அவமேல பழி. அந்தப் புள்ளை இன்னைக்கு வரைக்கும் எனக்கு நன்றி சொல்லுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காரத் திரும்பியவர் மருமகளைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

கூட்டம் முடிந்து வாசலில் ஆச்சி அவள் கையைப் பிடிக்க வந்தார். நீலா உதறினாள்.

"முன்னப்பின்ன தெரியாதவுகளுக்குச் சொன்னீகளே... எனக்குச் சொல்ல ஏன் வாய் வரலை? என்னையப் பெத்த அப்பச்சி சாகுறப்பக்கூட, மாப்பிள்ளையைக் கெடுத்துட்டியேன்னு எம்மேல வருத்தத்தோட போனாக. பக்கத்துலதான நின்னீக?"

"நின்னேன் ஆத்தா..."

"அதுக்கு மேல பேசாதீக."

ஒரே பஸ்ஸில் தனித்தனி சீட்டில் வீடு திரும்பினார்கள்.

சிந்து காத்திருந்தாள். "புருசன் தையலோட கெடக்கான். நீ எங்க ஊர் சுத்திட்டு வார? இப்புடி இருந்தா அவன் குடிக்காம என்ன செய்வான்?"

ஒரே ஒரு வார்த்தை போதும், சிந்துவின் வாய் அடைத்துவிடும். அது நீலாவின் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே சொல்லக் கூடாது என்ற ராக்காயியின் பேச்சு நினைவுக்கு வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். அவள் சொன்னால் அது கோள். சொல்ல வேண்டியவர் சொன்னால்தான் உண்மை. மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் அறைக்கு நடந்தாள்.

"நில்லு நீலா" என்றார் லட்சுமி ஆச்சி. மகள் பக்கம் திரும்பினார். "சிந்து... உன் தம்பி சிங்கப்பூருக்குப் போகவே இல்லை. குடிக்கு வைத்தியம் பார்க்க ஆசுபத்திரியில கெடந்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே. எல்லாம் தெரிஞ்சே இவ தலையில கட்டுனேன். இவமேல ஒரு குத்தமும் இல்லை. நாளைக்கு உங்க பெரியப்பா வீட்டுக்கும் போயி என் வாயாலயே சொல்லுறேன்."

ஏகப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆத்தா சொன்னதை அவன் மறுக்கவில்லை.

"பாவி நான், என்ன பேச்செல்லாம் பேசினேன் உன்னைய..." சிந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நீலா அழுதாள். புருஷனுக்காக இல்லை; தான் நம்பிய நம்பிக்கைக்காக விம்மி விம்மி அழுதாள்.

லட்சுமி ஆச்சி ஓரமாக நின்றார்.

"மன்னிச்சுட்டேன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது அயித்தை" என்றாள் நீலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் அந்தக் கூட்டத்துக்குப் போவேன். நீங்களும் வாங்க. பக்கத்துல மட்டும் உக்காராதீக."

ஆச்சி தலையாட்டினார். மருமகள் சொல்லி மாமியார் கேட்டுக்கொண்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.