பென்சில்வேனியா வீட்டு ஆள்

காலை ஏழேகாலுக்கு நனைந்த குடையோடு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரிலுள்ள ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள் தர்மிகா. மூன்றாம் மாடியின் கடைசி அறை. ஹீட்டர் வேலை செய்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வுப் பாடம். பின்வரிசையில் மூன்று தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். தேறினால் அவள் ஆசிரியை. ஏற்கெனவே ஒருமுறை தவறிவிட்டாள், இதிலும் தவறினால் இன்னொரு முறை கிடையாது.

பாடம் ஒரு மெய்நிகர்ச் சுற்றுலா. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து கப்பலேறி, பென்சில்வேனியாவில் குடியேறிய ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பிள்ளைகள் மெய்நிகர்க் கண்ணாடி மாட்டியபடியே போய்வர வேண்டும். நகர ஊடக நிலையத்திலிருந்து அந்தக் கண்ணாடிகளைக் கொண்டுவருபவர் விமலநாதன் அண்ணை. அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டை எடுக்கும்படி நேற்றே தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு மழுப்பினார். அவருடைய மகள் கம்சனாவும் இதே பள்ளியில் இதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தர்மிகா அப்போதே முடிச்சுப் போட்டுவிட்டாள்.

நேற்று மாலையே அறைக்கு வந்துவிட்டிருந்த கண்ணாடிகளில் ஒன்றை மாட்டி ஒருதரம் போய்ப் பார்த்தாள். பனி படர்ந்த முற்றம். மரக்கதவு. நிலைப்படி.

பழக்கதோஷம், காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள்.

கரி படிந்த சுவர், அணைந்த அடுப்பு, மூலையில் ஒரு தறி. மனித உருவம் எதையும் அந்த வீட்டுக்குள் வைக்கவில்லை என்று கண்ணாடிகளோடு வந்த குறிப்பேட்டில் எழுதியிருந்தது. ஆனால் ஈரக் கம்பளியின் வாடை வந்தது. கண்ணாடி படம் காட்டும், சத்தம் கேட்கவைக்கும். வாடைக்கு அதில் வழியே இல்லை.

தறி ஒருதரம் அடித்தது.

உள்ளங்காலில் வகுப்பறைத் தரை இல்லை. குளிர்ந்த மண்.

கண்ணாடியைப் பிடுங்கி எடுத்தாள். வகுப்பறைதான். காலுறைகளின் அடி முழுக்கக் கரி.

வாசலில் விமலநாதன் அண்ணை நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. தரையில் கரியைக் கொட்டியது இந்த மனிதர்தான் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள், அண்ணை?"

அவர் அவள் கால்களைத்தான் பார்த்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டோ உள்ளுக்குப் போனனீங்கள்?" குரல் அடங்கியிருந்தது. "இஞ்சத்தைப் பிள்ளையள் சப்பாத்தோட போகுதுகள். அதுகள் பாக்க வந்த ஆக்கள். கழட்டினால் வீட்டு ஆள் எண்டு நினைச்சிடும், பிள்ளை."

"எது நினைச்சிடும்?"

அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தானும் ஒருநாள் கழற்றியதாகவும், அன்றிலிருந்து சொந்த வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடுதான் நடப்பதாகவும், அதற்காக மனைவி பேசாத பேச்சில்லை என்றும் முணுமுணுத்தார். பாடத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சினார்.

மகளுக்காக நன்றாகத்தான் நடிக்கிறார் என்று தர்மிகா நினைத்தாள். எழுதிக் கொடுத்த பாடத்திட்டத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினால் தோல்வி நிச்சயம். அவள் மாற்றவில்லை.

பத்து மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகளும் கண்ணாடி மாட்டினார்கள். அவள் மாட்டவில்லை. மேசையருகே நின்று, அண்ணையின் கைகளிலேயே கண் வைத்திருந்தாள். அவர் எதையும் தொடவில்லை. பிள்ளைகள் நடந்தார்கள், குனிந்தார்கள், யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டினார்கள். தேர்வாளர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

மதியம் முடிவு சொன்னார்கள். தேறிவிட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லையே என்று முகத்துக்கு நேரே கேட்க அண்ணையைத் தேடினாள். அவர் கண்ணாடிகளைக்கூட எடுக்காமல் போய்விட்டிருந்தார்.

அறைக்குத் திரும்பிப் பிள்ளைகளின் தாள்களை எடுத்தாள். கேள்வி ஒன்றுதான்: இந்த வீட்டில் வாழ்ந்தவர் யார், அதற்குச் சான்று என்ன?

நெசவாளரும் குடும்பமும் என்று எழுதியிருக்க வேண்டும்.

முதல் தாளில், 'எங்கள் ஆசிரியை. அவர்தான் கதவைத் திறந்துவிட்டார்' என்று இருந்தது.

இரண்டாவதில், 'எங்கள் ஆசிரியை. தறியில் நெய்து காட்டினார்.'

மற்றத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபத்தொரு தாளிலும் அவள்தான்.

கடைசித் தாள் தேனுஜாவுடையது. உருண்டை எழுத்தில் நிதானமாக எழுதியிருந்தாள்.

'எங்கள் ஆசிரியை. நாங்கள் புறப்பட்டபோது அவரும் கூட வரப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள்.'