வூஃபர் வைக்க ஏற்ற மூலை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பழங்காநத்தத்து வீட்டின் உரிமையாளரும், மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருமான இன்பசேகரன். அவருடைய ஒரே மகன் ஸ்டீபன். ஹோம் தியேட்டர் பொருத்த வந்த ஜெயபாண்டி. மருமகள் ஆன்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலைப் பூசைக்குப் போயிருந்தாள். வேறு யாரும் அந்த அறையில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வெளியில் ஆளுக்கொன்று பேசினார்கள்.

சித்திரை மாதம், மாலை நாலரை மணி. வீட்டின் பின்கட்டில் இருந்த அந்த அறையின் ஜன்னல்களை ஸ்டீபன் அடைத்து, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டி, கதவில் கறுப்புத் திரை தொங்கவிட்டிருந்தான். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டு. பசையும் புதுத் துணியும் மணத்தன.

ஜெயபாண்டி, கனத்த அடியொலி எழுப்பும் ஸ்பீக்கரான வூஃபர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். கிழக்கு மூலையைக் கடந்தபோது அவருடைய வெறுங்கால் ஒன்று சட்டென்று பின்வாங்கியது.

"என்னண்ணே?" என்றான் ஸ்டீபன்.

"ஒண்ணுமில்ல தம்பி. இந்த எடத்துல மட்டும் தரை ஜில்லுன்னு இருக்கு."

"ஏசி காத்து அங்கதான் விழுது" என்றார் இன்பசேகரன்.

ஜெயபாண்டி அண்ணாந்து ஏசியைப் பார்த்தார். அது இன்னும் போடப்படவில்லை. நகர்ந்து, வூஃபரைக் கொண்டுபோய் சோபாவின் நடுவில் விருந்தாளியைப் போல உட்கார வைத்தார்.

"அது என்னண்ணே, நான் உக்கார வேண்டிய எடத்துல அத வச்சுட்டீங்க?"

"அதான் முறை தம்பி. வூஃபர எங்க வைக்கிறதுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. நாம உக்காரப் போற எடத்துல அத வச்சுப் பாட விடணும். அப்பறம் காதத் தாழ்த்தி, சுவரோரமாத் தவந்துக்கிட்டே போகணும். எந்த எடத்துல சத்தம் கெட்டியா, அதிராமக் கேக்குதோ அங்க வச்சா சோபாவுல அதே மாதிரி கேக்கும்."

"தவழணுமா? அப்ப நாந்தான் மாட்டுனேன். எங்கப்பா பூசையிலகூட முட்டி போட மாட்டாரு."

ஜெயபாண்டி சிரிக்கலாமா வேண்டாமா என்று பெரியவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்புக்கு இடமில்லை. நிமிர்ந்த முதுகோடு, கைகளைப் பின்னால் கட்டி, வகுப்பறை வாசலில் நிற்பதுபோல அவர் நின்றிருந்தார். அவர் கண் முழுக்கக் கிழக்கு மூலையில் இருந்தது.

ஜெயபாண்டி செல்போனில் எதையோ தொட்டார். இசை இல்லை. ஒரே இரைச்சல். ஆழத்தில் லாரி ஒன்று நின்ற இடத்திலேயே உறுமுவது போன்ற, காதுக்குள் நுழைவதற்கு முன்பே வயிற்றுக்குள் புகுந்துவிடும் சத்தம். சுவரில் தொங்கிய இன்பசேகரனின் தகப்பனார் படத்தின் கண்ணாடி கிறுகிறுவென்று அதிர்ந்தது.

"லூசா இருக்கறதெல்லாம் இப்பப் பேசும் சார்" என்று அந்தப் படத்தைக் கழற்றிக் கீழே வைத்தார் ஜெயபாண்டி.

ஸ்டீபன் தவழ்ந்தான். வடக்குச் சுவரோரம் சத்தம் மெலிந்தது. கதவருகே கொழகொழத்தது. கிழக்கு மூலைக்கு வந்ததும் நின்றான்.

"அண்ணே, இங்க அள்ளுதுண்ணே!" என்று கத்தியவன் தரையில் காதை வைத்தான். முகம் மாறியது. விரல் முட்டியால் தட்டினான். மற்ற இடத்தில் 'டக்' என்றது. அங்கே மட்டும் அந்தத் தட்டு எங்கோ கீழே போய்த் திரும்பி வந்தது.

ஜெயபாண்டியும் குனிந்து கேட்டார். "பொள்ளலா இருக்கு தம்பி. உள்ள ஏதோ லூசாவும் கெடக்கு. தட்டுற சத்தம் வருது பாருங்க. நாலு டைல்ஸ எடுத்துட்டு உள்ள கான்கிரீட் போட்டா நின்னுரும். அருள்பாண்டின்னு நம்ம கொத்தனார் இருக்காரு, காலையில வரச் சொல்றேன்."

"தரையில கை வைக்கக் கூடாது" என்றார் இன்பசேகரன்.

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

"ஏன்ப்பா?"

"பழைய கிணறு. உங்க தாத்தா மூடிட்டு, மேல இந்த ரூமக் கட்டினாரு."

"கிணறா? இத்தன வருசமாச் சொல்லவே இல்ல? அப்பக் கண்டிப்பாத் தொறந்து பாத்துரணும்ப்பா. மேல பிள்ளைக வெளையாடுதுக."

இன்பசேகரன் போய்க் கதவுத் திரையை இழுத்து மூடினார். காலையில் கொத்தனார் வருவார். டைல்ஸை எடுப்பார். அதற்குக் கீழே சிமெண்ட் பூச்சு. அதற்குக் கீழே கல் பலகை. தெருவில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இந்த வீட்டைப் பற்றி ஊர் ஐம்பது வருடமாகப் பேசியது போதாதா? அவருடைய அக்காள் பிலோமினாள் வடநாட்டில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்பது வீட்டில் சொன்ன கதை. சோழவந்தான் வெற்றிலை வியாபாரி மகன் விருமாண்டியோடு ஓடிப்போனாள் என்பது தெருவில் சொன்ன கதை. ஸ்டீபனுக்கு இரண்டும் தெரியும்.

"உள்ள ஒண்ணும் லூசா இல்ல" என்றார். "நானே கேக்குறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முட்டி போட்டார். பிறகு கைகளையும் ஊன்றினார். ஸ்டீபன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். சோபாவில் உட்கார்ந்திருந்த பெட்டி உறுமிக்கொண்டே இருக்க, அந்த உறுமல் டைல்ஸின் வழியாக மணிக்கட்டில் ஏறி முழங்கையில் நடுங்கித் தோளில் போய் உட்கார, பஞ்சுப் பலகையின் பசை வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, பாசியும் சுண்ணாம்பும் ஊறிய ஈர வாடை, மெல்ல மெல்ல மூக்கில் ஏற, அவர் நாலு காலில் கிழக்கு மூலைக்குப் போனார். தரை குளிர்ந்தது. காதைத் தாழ்த்தினார்.

உறுமல்.

அதற்குக் கீழே, இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். ஒரு தட்டு.

மறுபடியும். இரண்டு. நிறுத்தம். ஒன்று.

அந்தத் தட்டை அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அக்காள் வெளியிலிருந்து வந்தால் அப்படித்தான் கதவைத் தட்டுவாள். அப்பாவுக்குத் தெரியாமல் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் திறப்பவன் தம்பிதான்.

"கேக்குதாப்பா?"

"ஒண்ணும் கேக்கல." அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வூஃபர இந்த மூலையிலேயே வை. இதுக்கு மேலயே. கனமா ஒண்ணு உக்காந்துட்டா சத்தம் நின்னுரும். தரையத் தோண்ட வேணாம்."

"சார், பொள்ளலுக்கு மேல வச்சா கெணத்துக்குள்ள கத்துற மாதிரி இருக்கும்."

"நான் சொல்றேன், வை."

ஜெயபாண்டி வைத்தார். அதிர்வைத் தாங்க ரப்பர் கால் போட வேண்டும் என்று சொல்லி, பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டிப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு, ரப்பர் எடுத்துவர வெளியே போனார். அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டீபனும் பின்னால் போனான். கறுப்புத் திரை விழுந்தது.

அமைதி.

முன்பக்க வலை மூடி இன்னும் மாட்டப்படவில்லை. சத்தம் வரும்போது துடிக்கும் அந்தக் கறுப்பு வட்டம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, வெறுமையாக அவரைப் பார்த்தது. சுருட்டிய ஒயர் மேலேயே கிடந்தது. மின்சாரம் இல்லை.

வட்டம் அசைந்தது.

இரண்டு முறை. நிறுத்தம். ஒரு முறை.

அன்று அவருக்குப் பதினாலு வயது. மதில் சுவருக்கென்று பெர்மிட்டில் வாங்கி வைத்த இரண்டு மூட்டை சிமெண்ட். வறண்ட கிணறு, அதில் நாய் விழுந்து செத்துவிட்டது, மூடிவிடலாம் என்றார் அப்பா. பலகையைச் சுற்றி அவன் ஈரச் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அடியிலிருந்து அந்தத் தட்டு கேட்டது. இரண்டு. ஒன்று. அவன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை.

"கொழைப்பா" என்றார்.

அவன் குழைத்தான்.

இரண்டு. ஒன்று.

பிறகு வட்டம் அசையவில்லை. வீங்கியது. உள்ளிருந்து வெளியே. மெல்ல. ரப்பர் விளிம்பு இழுபட்டு வெளுத்தது. கறுப்புப் பரப்பில் வரிசையாக நாலு மேடுகள் எழுந்தன. விரல் முட்டிகள். ஒரு பெண்ணின் விரல் முட்டிகள். அவற்றில் ஒன்றின் கீழே மெல்லிய மோதிரத்தின் வளையம்.

கத்த வாய் வரவில்லை. ஓடக் கால் வரவில்லை.

கை வந்தது.

முட்டி போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் அந்த வட்டத்தின் மேல் வைத்தார். அழுத்தினார். உள்ளே. இன்னும் உள்ளே. அன்று ஈரச் சிமெண்டை அழுத்தியதுபோல.

ரப்பர் கால்களோடு திரும்பி வந்த ஜெயபாண்டியும் ஸ்டீபனும் அவரை அப்படித்தான் பார்த்தார்கள். பூசைக்கும் மடங்காத முழங்கால் மடங்கியிருந்தது. பிளக் போடாத பெட்டி அவர் கைகளுக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீபன் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் கையை எடுக்கவில்லை. "அப்பா பாக்குறாரு" என்றார். தரையில் சாத்தி வைத்திருந்த படத்தின் கண்ணாடி, எந்தச் சத்தமும் இல்லாத அந்த அறையில், கிறுகிறுவென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

ஜெயபாண்டி செருப்பைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

தெருவில் இன்றும் பழைய கதையைச் சொல்கிறார்கள். அது தவறு. விருமாண்டி தன் சாதியிலேயே பெண் கட்டி, பேரன் பேத்தி எடுத்து, போன தை மாதம் சோழவந்தானில் காலமானார். பிலோமினாள் யாரோடும் ஓடிப்போகவில்லை. அந்த வீட்டை விட்டு அவள் ஒரு நாளும் வெளியே போனதில்லை.