மிதிக்காத பிரேக்

துரை தும்மியது. நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் மாஸ்டர் கட்டிக்கொண்ட புண்ணியம்.

மாஸ்டர் என்றால் கராத்தே மாஸ்டர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். "பயப்படாதீங்க... நான் இருக்கேன்ல" என்று நாள் முழுக்க ஊருக்குத் தைரியத்தை வாரி வழங்கிவிட்டு, தனக்கென்று ஒரு துளிகூட மிச்சம் வைத்துக்கொள்ளாத வள்ளல். துரை அவனுடைய அக்காவின் பூனை. வெளியூர் கிளம்பும்போதே அக்கா படித்துப் படித்துச் சொன்னாள்.

"தண்ணியை மாத்து, மண் தட்டை அள்ளு, வேளைக்குச் சாப்பாடு வை. உன் புத்திசாலித்தனத்தை மட்டும் அதுகிட்ட காட்டாதேடா."

காட்டிவிட்டான். தனக்குக் காய்ச்சல் வந்தால் விழுங்குகிற மாத்திரையை மீன் துண்டுக்குள் ஒளித்து, கொஞ்சிக் கொஞ்சி ஊட்டிவிட்டான். மத்தியானத்துக்குள் துரை கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. தனியே விட்டுப் போகவும் பயம். கூடையில் வைத்துக் காரில் ஏற்றினான். இன்னொரு மாத்திரை கொடுத்தால் எழுந்துவிடும் என்று மருந்துக்கடை தேடிக் கிளம்பினானே... அங்கேதான் விதி சிரித்தது.

மழை பிடித்துக்கொண்டது. தெருமுனைக் கடையில், மருந்து அலமாரிக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டு. காதோரம் நழுவிய ஒரு கற்றை முடி. மழைக்கு முந்தின வானம் மாதிரி அமைதியான கண்கள்...

"இந்த மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

"யாருக்கு?"

"பூனைக்கு."

அலமாரிக்குப் போன கை அப்படியே நின்றது. அந்தக் கண்கள் மெல்லப் பெரிதாயின. ஒரு பெண் அவனை இப்படிக் கண் விரித்துப் பார்ப்பது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. என்ன செய்ய... கொலைகாரனைப் பார்க்கிற பார்வை அது.

"ஏற்கெனவே கொடுத்திருக்கீங்களா?"

"லேசா..."

"லேசான்னா எவ்வளவு?"

"கால்... கால் மாத்திரை."

பொய். அவனைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது.

"பூனைக்கு இது விஷம்ங்க. நம்ம உடம்பு இதை முறிச்சு வெளியே தள்ளிடும். அதுக்கு அந்தச் சக்தி கிடையாது. பூனை எங்கே?"

மழையில் இறங்கி வந்தாள். கூடையைத் திறந்து, துரையின் உதட்டை விரல் நுனியால் தூக்கினாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, சேறு கரைத்த மாதிரி இருந்தது. முகம் லேசாக வீங்கியிருந்தது. மூச்சு விலாவைப் பிடுங்கிப் பிடுங்கி இழுத்தது.

மாஸ்டருக்கு அக்காவின் முகம் கண்முன் வந்தது. இந்தப் பூனையை மடியில் போட்டுக்கொண்டு தூங்குகிறவள். அவளிடம் என்னவென்று சொல்வான்...

வெள்ளைக் கோட்டுக்காரி மிருக டாக்டருக்குப் போன் போட்டாள். முறிவு மருந்து அங்கே தீர்ந்திருந்தது. "என்கிட்ட இருக்கு டாக்டர். சளி கரைக்கக் குடுப்போமே, அதேதான்... இதோ எடுத்துட்டு வரேன்."

அவன் சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தான். சாவி துவாரத்தைத் தவிர எல்லா இடத்திலும் பட்டது.

"நகருங்க. நான் ஓட்டறேன்."

கல்லாவிலிருந்து அவள் அண்ணன் சிரித்தான். "நீயா? பூனை வழியிலேயே பயந்து செத்துடும்."

அவள் மருந்தை எடுத்துக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். கார் ஒரு தவளைத் தாவல் தாவிக் கிளம்பியது.

பயிற்சிக் கார் என்பதால் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மடியில் கூடை, காலடியில் பிரேக். எதிரே லாரி... சுவர்... மறுபடி லாரி. கண்ணாடியில் மழை சாத்துகிறது. துரையின் மூச்சு நின்றதா, இருக்கிறதா...

"மூச்சு இருக்கா?"

"இருக்கு..."

"நிஜமா கால் மாத்திரைதானா?"

"ம்..."

அவள் மறுபடி மறுபடி கேட்டாள். அவன் மறுபடி மறுபடி தலையாட்டினான்.

மேஜையில் துரையைக் கிடத்திவிட்டு டாக்டர் ஊசியை எடுத்தார். "எவ்வளவு போச்சு உள்ளே? அளவை வெச்சுத்தான் முறிவு மருந்து போடணும்."

மாஸ்டர் துரையைப் பார்த்தான். அது கண்ணைக்கூட முழுசாக மூடாமல் கிடந்தது.

"முழு மாத்திரை, டாக்டர்."

பக்கத்தில் நின்றவள் மெதுவாகத் திரும்பினாள்.

"வழியெல்லாம் கேட்டேனே... நேரா ஒரு பதில் சொல்ல வராதா உங்களுக்கு?"

சொல்லிவிட்டு மழைக்குள் நடந்தாள். குடைகூட இல்லை. அவன் பின்னால் ஓடியிருக்கலாம். துரையின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைப் பிடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"பிழைச்சுக்குமா டாக்டர்?"

"பார்ப்போம்."

மறுநாளும் பார்ப்போம் என்றார். அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னான். "வந்து பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அது எந்தப் பேச்சு என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. துரை முதல் வாய் தண்ணீரை நக்கியபோது, ஆளில்லாத வராந்தாவில் போய் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டான்.

வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்ன மாலை, கூடையோடு மருந்துக்கடைக்குத்தான் வந்தான். அன்றும் தூறல். அண்ணன் உள்ளே அட்டைப்பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

மாஸ்டரை ஏறிட்டும் பார்க்காமல் அவள் துரையின் உதட்டைத் தூக்கினாள். இளஞ்சிவப்பு. துரை அவள் விரலை நக்கியது. அவள் கண்கள் சட்டென்று நிறைந்துபோயின...

"கோவமாத்தான் இருந்தேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. லைசென்ஸ் வாங்கியும் எங்க வீட்டுல காரைத் தொட விடமாட்டாங்க. என்னைக்காவது விட்டாலும், அண்ணன் பக்கத்துல உக்காந்து இல்லாத பிரேக்கைக் காலால தேடுவான். உங்களுக்கு நிஜமாவே பிரேக் இருந்துச்சு. ஒரு தடவைகூட நீங்க மிதிக்கலை. அவ்வளவு நம்பினீங்களேன்னு..."

அடடா. "ஆமாங்க, நம்பினேன்" என்றால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அந்தச் சேற்று நிற ஈறும் ஞாபகத்துக்கு வந்தது.

"நம்பிக்கையெல்லாம் இல்லைங்க... பயத்துல ரெண்டு காலும் மரத்துப்போச்சு. மிதிக்கத்தான் பார்த்தேன். கால் வரலை."

அவள் கூடையின் மூடியைச் சாத்தினாள். தகரக் கூரையில் தூறல் தட்டிக்கொண்டிருந்தது. போச்சு... கிடைத்த பழத்தையும் பாலையும் சேர்த்துக் கொட்டியாயிற்று.

ஆனால் அவள் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"இப்பவும் கை நடுங்குதே. இப்ப எதுக்குப் பயம்?"

"கேக்கப்போறதுக்கு." கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... டாக்டரைக் கேட்டா பார்ப்போம்ங்கறார். அக்கா வந்து பேசிக்கறேன்ங்கறா. எனக்கு யாருமே நேரா பதில் சொல்றதில்லை. நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்கு...?"

உள்ளே அட்டைப்பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கும் தெரியும். அவள் கையை நீட்டி, மேஜைமேல் அவன் போட்டிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."